ஒன்பதாம் நாளில் திரும்பி வந்த ரத்தப்போக்கு: மாத்திரைக் கருக்கலைப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சிக்கலில் முடிந்த நிகழ்வுகளைத்தான் மருத்துவர்கள் விரும்பி எழுதுவார்கள். இதில் சிக்கல் எதுவும் நேரவில்லை. நேர்ந்துவிட்டது என்று இரண்டு பேர் நம்பினார்கள். அவர்களில் ஒருவர் மருத்துவர். தேவையே இல்லாத ஒரு சிகிச்சை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்கு நெருங்கி வந்து விலகிப் போனது. அது ஏன் அப்படி ஆனது என்று தேடிப் போனால், கருக்கலைப்பு முறைகளைப் பற்றி ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

இங்கே வருபவர் ஒரே ஒரு பெண் அல்ல. இந்தச் சிகிச்சையில் அடிக்கடி பார்க்கும் ஒரு போக்கை, யாரையும் அடையாளம் காண முடியாதபடி, ஒருவருடைய கதையாகக் கோத்திருக்கிறேன். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதற்குள் நான் போகவில்லை.

வந்தபோது

வயது 31. இரண்டு குழந்தைகள். முதலாவது சுகப்பிரசவம், இரண்டாவது மூன்று ஆண்டுகளுக்கு முன் சிசேரியன். மாதவிடாய் 28 அல்லது 30 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும். கடைசியாக வந்த தேதியைத் தயங்காமல் சொன்னார். வீட்டில் செய்த சிறுநீர்ப் பரிசோதனை பாசிட்டிவ். "அஞ்சு வாரம் இருக்கும்" என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கணக்குப்படி 7 வாரம் 3 நாள்.

இந்த வித்தியாசம் சர்வசாதாரணம். கர்ப்பக் காலத்தை உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மாதவிடாய் தள்ளிப்போகும் அன்றே கணக்கில் 4 வாரம் ஏறியிருக்கும். எந்த முறை பொருந்தும், வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாமா, மருத்துவமனையில் இருக்க வேண்டுமா என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். முதல் சந்திப்பில் கொஞ்சம் நேரம் இதற்கே போனால் போகட்டும்.

கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினோம். முடிவு அவருடையதுதானா, யாராவது நெருக்குகிறார்களா, வீட்டில் அடி உதை உண்டா என்பதையெல்லாம் தனியாகக் கேட்டால்தான் பதில் வரும். அவர் தெளிவாக இருந்தார். காரணத்தை விளக்க ஆரம்பித்தவரிடம், எங்களுக்கு விளக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை என்று செவிலியர் சொன்னதும் தோள் இறங்கியது தெரிந்தது.

அடுத்தது கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்குமோ என்ற கேள்வி. கரு, கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் கருக்கலைப்பு மாத்திரை அதைக் குணப்படுத்தாது. உள்ளே குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி உண்டா, இடையில் ரத்தக் கசிவு இருந்ததா, முன்பு இப்படி ஆகியிருக்கிறதா, கருக்குழாயில் அறுவை சிகிச்சையோ இடுப்புப் பகுதியில் தீவிரத் தொற்றோ நடந்ததா, காப்பர்-டி உள்ளே இருக்கும்போதே கர்ப்பம் ஆனதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். அவருக்கு எதுவும் இல்லை. கைப் பரிசோதனையில் கருப்பையின் அளவு தேதியோடு ஒத்துப்போனது.

ஸ்கேன் எடுக்கவில்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தேதி உறுதியாகத் தெரிந்து, மேலே சொன்ன அறிகுறிகளும் இல்லாதபோது கருக்கலைப்புக்கு முன் ஸ்கேன் கட்டாயம் இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலைப்பாடு. சில நிலையங்களின் நடைமுறையோ அந்த ஊர்ச் சட்டமோ கேட்கலாம், அப்போது எடுப்பார்கள். தேதி குழப்பமாக இருந்தால் நாங்களும் எடுப்போம்.

ஹீமோகுளோபின் 11.2. ரத்த அழுத்தம் சரி. ரத்தப் பிரிவு பாசிட்டிவ். நெகட்டிவாக இருந்திருந்தாலும், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கப் போடும் ஆன்டி-டி ஊசி 12 வாரத்துக்குள் தேவையில்லை என்றுதான் அதே வழிகாட்டி சொல்கிறது. எல்லா நாட்டு மருத்துவர்களும் இன்னும் அதற்கு மாறிவிடவில்லை.

எந்த முறை

7 வாரத்தில் அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன: மாத்திரை, இல்லையென்றால் உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை. இரண்டும் பாதுகாப்பானவை. மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வேறு எதுவும் தேவைப்படாமல் முடிந்துவிடும். உறிஞ்சி எடுப்பதில் 98 பேருக்கு மேல். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து ஒன்றை உயர்த்திப் பேசும் மருத்துவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு நாளில், வேறொருவர் கையால், சில நிமிடங்களில் முடிய வேண்டுமா? தன் வீட்டில், தன் நேரத்தில், அதிக ரத்தப்போக்கோடும் வலியோடும் நடந்தாலும் பரவாயில்லையா? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான்.

உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் 'ஆபரேஷன்' என்ற சொல்லே பலரை மிரட்டிவிடுகிறது. வெட்டுவதோ தையல் போடுவதோ இதில் கிடையாது. தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். வலி மாத்திரையும் உண்டு. பிறப்புறுப்பில் விரிப்பான் வைத்து, சுத்தம் செய்து, கருப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அது சுருக்கென்று இருக்கும். பிறகு கருப்பை வாயைச் சிறிது விரித்து மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே செலுத்துவார்கள். குழாயின் மறுமுனையில் கையால் இயக்கும் பெரிய சிரிஞ்சு இருக்கும். சில இடங்களில் மின்சார பம்பு. உறிஞ்சும் நேரம் 5 முதல் 10 நிமிடம். கடைசி ஓரிரு நிமிடங்களில் வலி கூடும், கருப்பை காலியாகிச் சுருங்குவதால். விழித்தபடியே செய்துகொள்ளலாம், தூக்க மயக்கம் கொடுக்கும் வசதியும் சில இடங்களில் உண்டு. வெளியே வந்த திசுவை மருத்துவர் அங்கேயே பார்த்து முழுமையாக வந்துவிட்டதா என்று உறுதி செய்வார். கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு அன்றே வீட்டுக்குப் போகலாம். கருப்பையில் துளை விழுவது போன்ற ஆபத்து ஆயிரத்தில் ஓரிருவருக்குத்தான்.

பழைய டி அண்ட் சி முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் கூரான கரண்டி போன்ற கருவியால் கருப்பையின் உட்சுவரைச் சுரண்டுவார்கள். வலியும் ரத்த இழப்பும் அதில் அதிகம். உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அது நடக்கிற இடங்கள் உண்டு என்பதால், 'எந்தக் கருவியால் செய்வீர்கள்?' என்று கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கிற மருத்துவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடக் கேட்கலாம்.

உறிஞ்சி எடுப்பது சுமார் 14 வாரம் வரை. அதற்குப் பிறகு, கருப்பை வாயை முன்கூட்டியே இளக்கி விரித்துச் செய்யும் வேறொரு சிகிச்சை இருக்கிறது. அதற்குத் தனிப் பயிற்சி பெற்ற கை வேண்டும். 12 வாரம் கடந்த பின்னும் மாத்திரை முறை உண்டு, ஆனால் மருத்துவமனையில் தங்கி, மிசோபுரோஸ்டாலை மூன்று மணிக்கொரு முறை எடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் பொருந்தாது.

அவர் மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். அக்கா அந்த வார இறுதியில் வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. நல்ல காரணங்கள். சிசேரியன் தழும்பு இதற்குத் தடையில்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, போர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோய், ரத்தம் உறையாத நோய், ரத்தத்தை இளக்கும் மருந்து, கடுமையான ரத்தசோகை, இந்த மருந்துகளுக்கு ஒவ்வாமை என்று எதுவும் அவருக்கு இல்லை. காப்பர்-டி உள்ளே இருப்பவர்களுக்கு அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

எட்டு நாள்

முதல் மருந்து மிஃபெப்ரிஸ்டோன், 200 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனின் வேலையை இது தடுக்கிறது. கருப்பையின் உட்சவ்வு தளர்கிறது, கருப்பை வாய் இளகுகிறது, இரண்டாவது மருந்துக்குக் கருப்பை நன்றாக இணங்கும் நிலைக்கு வருகிறது. பிரான்சில் 1988இல் அனுமதி பெற்ற மருந்து. இரண்டாவது மருந்தான மிசோபுரோஸ்டால் வயிற்றுப் புண்ணுக்காக வந்தது. கருப்பையைச் சுருங்கவைக்கும் குணத்தால் இங்கே வந்து சேர்ந்தது. இரண்டையும் 2005இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மிஃபெப்ரிஸ்டோன் கிடைக்காத இடங்களில் மிசோபுரோஸ்டாலை மட்டுமே திரும்பத் திரும்பக் கொடுத்தும் செய்கிறார்கள். வேலை செய்யும், ஆனால் நேரம் அதிகம் எடுக்கும், வயிற்றுப்போக்கும் குளிரும் கூடுதலாக இருக்கும்.

முதல் மாத்திரையை நிலையத்திலேயே விழுங்கினார். மறுநாள் காலை லேசாக ரத்தக் கறை தெரிந்ததும் போன் வந்தது. "வேலை செஞ்சிடுச்சு போல, சிஸ்டர். அடுத்ததைப் போடணுமா?" போட்டே ஆக வேண்டும். முதல் மாத்திரைக்குப் பிறகு கொஞ்சம் கசிவது சிலருக்கு நடப்பதுதான். அதை வைத்துக் கர்ப்பம் முடிந்துவிட்டது என்று இரண்டாவதை விட்டுவிடுவது தோல்விக்கு வழி.

முதல் மாத்திரைக்கு 30 மணி நேரம் கழித்து, மாலையில், 200 மைக்ரோகிராம் மிசோபுரோஸ்டால் மாத்திரைகள் நான்கை இரண்டு கன்னங்களிலும் இரண்டிரண்டாக ஒதுக்கிக்கொண்டார். மொத்தம் 800 மைக்ரோகிராம். 30 நிமிடம் அப்படியே வைத்திருந்து, மிச்சம் இருந்ததைத் தண்ணீரோடு விழுங்கினார். நாக்குக்கு அடியிலோ பிறப்புறுப்பிலோ வைப்பதும் உண்டு. ஒரு மணி நேரம் முன்பே ஐபுபுரூஃபன் போட்டிருந்தார். அது கருக்கலைப்பு மருந்தின் பலனைக் குறைக்காது. இந்த வலிக்குப் பாரசிட்டமாலை விட நன்றாகவே கேட்கும்.

ஒன்றரை மணி நேரத்தில் உடம்பு நடுங்கியது. காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ். மிசோபுரோஸ்டாலால் வரும் குளிர்க்காய்ச்சல் இது, சில மணி நேரத்தில் தானே போகும், அவருக்கும் போனது. இரண்டாவது மணியில் அடிவயிற்றைப் பிசைவது போல வலி ஆரம்பித்தது, அப்புறம் ரத்தப்போக்கு. மூன்றிலிருந்து ஐந்தாவது மணி வரைதான் உச்சம். மாதவிடாயைவிட நிச்சயமாக அதிகம், மணிக்கொரு நாப்கின், இடையிடையே கட்டிகள். எலுமிச்சம்பழம் அளவு வரையிலான கட்டி எதிர்பார்த்ததுதான் என்று முன்பே சொல்லியிருந்தோம். 'என்ன பார்ப்பேன்?' என்று அவர் கேட்டிருந்தார். கேட்கத் தயங்குபவர்கள் அதிகம். 7, 8 வாரத்தில் கரு ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். பெரும்பாலும் ரத்தக் கட்டிகளோடு கலந்து வந்துவிடும், தனியாகத் தெரியாது. வெளிர் சாம்பல் நிறத்தில் சவ்வு போலத் தெரிவது உண்டு. அவர் பார்த்தாராம். பார்க்க விரும்பாதவர்கள் பார்க்க வேண்டியதில்லை.

விடிவதற்குள் வலி அடங்கி, ரத்தம் சாதாரண மாதவிடாய் அளவுக்கு வந்துவிட்டது. நான்காம் நாள் குமட்டல் போனது. ஐந்திலிருந்து எட்டாம் நாள் வரை கறை மட்டும். எட்டாம் நாள் செவிலியர் போனில் பேசியபோது, "முடிஞ்சிடுச்சு சிஸ்டர், நல்லாருக்கேன்" என்றார்.

ஒன்பதாம் நாள்

மறுநாள் இரவு மறுபடி வலி. ஒரு பெரிய கட்டி, அதன் பின்னால் இரண்டு மணிக்கொரு நாப்கின் அளவுக்கு ரத்தம். பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார்.

அங்கே பார்த்தது இவ்வளவுதான்: நாடித்துடிப்பு 84, ரத்த அழுத்தம் 116/74, காய்ச்சல் இல்லை, வயிறு மிருதுவாக இருக்கிறது, ஹீமோகுளோபின் 10.8. சிறுநீர்ப் பரிசோதனை பாசிட்டிவ். ஸ்கேனில் கருப்பைக்குள் 14 மில்லிமீட்டர் தடிமனில் கலவையான பொருள். கருவைச் சுற்றிய பை எதுவும் தெரியவில்லை. அறிக்கையின் கடைசி வரி: 'எச்சம் இருக்கலாம்.' பணியில் இருந்த இளம் மருத்துவர், உடனே சுத்தம் செய்துவிடலாம் என்றார். அவர் படிவத்தை எடுக்கப் போன நேரத்தில் இவர் எங்களுக்குப் போன் போட்டார். "உள்ள தங்கிடுச்சாம். க்ளீன் பண்ணச் சொல்றாங்க. பண்ணிக்கவா?"

செவிலியர் அந்த மருத்துவரிடம் பேச அனுமதி கேட்டு, பேசினார். தன்மையான மனிதர். முழு விவரமும் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அவர் கையில் மூன்று விஷயங்கள் இருந்தன: பாசிட்டிவான சிறுநீர், தடித்த உட்சவ்வு, திரும்பி வந்த ரத்தம். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே அந்த நாளில் இருக்க வேண்டியவை.

சிறுநீரிலிருந்து தொடங்கலாம். 7, 8 வாரத்தில் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனின் அளவு பல ஆயிரங்களிலிருந்து லட்சத்தைத் தாண்டிக்கூட இருக்கும். கருக்கலைப்பு முடிந்தபின் அது வேகமாகத்தான் குறையும். ஒரு வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் வெற்றி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் 80,000இல் 80 சதவீதம் போனாலும் மிச்சம் 16,000. வீட்டில் பயன்படுத்தும் பட்டை 25லேயே இரண்டு கோடு காட்டிவிடும். எனவே ஒன்பதாம் நாளில் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தமே இல்லை. நாலு வாரத்துக்கு முன் செய்ய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அப்போதும் சிலருக்கு மங்கலாக ஒரு கோடு வரும்.

ஸ்கேன் விஷயம் இன்னும் நுட்பமானது. மாத்திரைக்குப் பின் கருப்பைக்குள் ரத்தக் கட்டியும் உதிர்ந்த சவ்வும் சில வாரம் இருப்பது இயல்பு. அதன் தடிமனை அளந்து, இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சிகிச்சை என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. அறிகுறி எதுவும் இல்லாத பெண்களிடமும் இதே தடிமன் இருக்கும். இந்த ஸ்கேனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கர்ப்பம் தொடர்கிறதா? கருவைச் சுற்றிய பை இல்லை என்று அறிக்கையே சொல்லிவிட்டது. அதற்கு மேல் தலையிட வேண்டுமா என்பதை அவருடைய நாடியும் நாப்கினும் காய்ச்சல்மானியும் சொல்ல வேண்டும். மூன்றும் வேண்டாம் என்றன.

கடைசியாக, திரும்பி வந்த ரத்தம். மாத்திரைக்குப் பின் ரத்தப்போக்கு சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம், சிலருக்கு ஒரு மாதம் வரை. நேர்கோட்டில் குறைந்துகொண்டே வராது. நின்றது போலிருந்து, உள்ளே இருந்த கட்டி நகரும்போது ஒரு நாள் மறுபடி கூடும். அவரிடம் கொடுக்கப்பட்டிருந்த தாளில் 'இரண்டு வாரம் வரை ரத்தப்போக்கு இருக்கலாம்' என்று இருந்தது. நின்று திரும்பும் என்று இல்லை. உச்சபட்ச வலியை, காய்ச்சலை, கட்டியை எல்லாம் பயப்படாமல் தாண்டியவர், அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றுக்காக நள்ளிரவில் ஓடினார். முந்தையவை சொல்லப்பட்டிருந்தன, இது சொல்லப்படவில்லை. இந்த நிகழ்வை எழுத எடுத்ததற்குக் காரணமே அதுதான்.

எப்போது ஓட வேண்டும்

'அதிகமாக ரத்தம் போனால் வாங்க' என்று சொல்வது எதையும் சொல்லாததற்குச் சமம். அதிகம் என்றால் எவ்வளவு? ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரத்திலும் அப்படியே என்றால் உடனே போக வேண்டும். தலைசுற்றி மயக்கம் வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் போக வேண்டும். மிசோபுரோஸ்டால் எடுத்து 24 மணி நேரம் கடந்தும் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ புதிதாக வந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலோ, வலி மாத்திரைக்கு அடங்காத வலி இருந்தாலோ அதுவும் தொற்றாக இருக்கலாம்.

இதைவிட எளிதில் ஏமாற்றுவது, ரத்தமே வராமலிருப்பது. இரண்டாவது மருந்துக்குப் பின் 24 மணி நேரத்தில் ரத்தம் வரவில்லை, அல்லது சில துளிகள்தான் என்றால் இரண்டு சாத்தியங்கள் உண்டு. ஒன்று, மருந்து வேலை செய்யவில்லை. மற்றொன்று, கர்ப்பம் கருப்பைக்குள் இல்லை. அதோடு ஒரு பக்கமாக வயிற்று வலியோ தோள்பட்டை முனையில் வலியோ மயக்கமோ சேர்ந்தால் அது அவசரம். ரத்தம் வராததை நிம்மதியாக எடுத்துக்கொண்டு காத்திருப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

நூறு பேரில் ஒருவர் அளவுக்குக் கர்ப்பம் தொடர்வதும் உண்டு. குமட்டல் போகவே இல்லை, மார்பக வலி குறையவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டும். மிசோபுரோஸ்டால் பட்ட கரு தொடர்ந்து வளர்ந்தால் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து சற்றுக் கூடுதல். அதனால்தான் பின்தொடர்வதில் விடாப்பிடியாக இருக்கிறோம்.

உண்மையிலேயே எச்சம் தங்கித் தொல்லை தந்தால் மூன்று வழிகள்: காத்திருப்பது, இன்னொரு முறை மிசோபுரோஸ்டால் எடுப்பது, உறிஞ்சி எடுப்பது. ரத்தம் கட்டுக்கடங்காமல் போகிறது, தொற்று இருக்கிறது என்றால் மூன்றாவதுதான் சரி, தாமதிக்கக் கூடாது. மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்கு இது தேவைப்படும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு அதிர்ச்சி இருக்காது.

அவசரப் பிரிவுக்குப் போகும் பெண்கள் பலர் மாத்திரை எடுத்ததைச் சொல்லப் பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகள் நடக்கின்றன; அவற்றில் ஏறக்குறைய 45 சதவீதம் பாதுகாப்பற்றவை. அந்தப் பாதுகாப்பின்மையில் ஒரு பங்கு மருந்தால் வருவதில்லை; கேட்க ஆள் இல்லாததால், கேட்டால் திட்டு விழும் என்பதால் வருகிறது. இந்தப் பெண் எல்லாவற்றையும் அங்கே சொன்னார், அவர்களும் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். அந்த மருத்துவர் பார்த்ததை வைத்து அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேனில் எதையாவது பார்த்துவிட்டால் அதை எடுக்காமல் விடுவது எந்த மருத்துவருக்கும் கஷ்டம்தான்.

அதற்குப் பிறகு

அன்றிரவே வீடு திரும்பினார். எத்தனை நாப்கின், எத்தனை டிகிரி என்று எண்களாக எழுதிக் கொடுத்திருந்தோம். அடுத்த நாள் மாலை இன்னொரு கட்டி, கொஞ்சம் சவ்வு. பதினோராம் நாளிலிருந்து கறை மட்டும், பதினாறாம் நாள் அதுவும் நின்றது.

இடையில் ஒருமுறை செவிலியரிடம் கேட்டாராம்: "எனக்கு அழுகையே வரலயே சிஸ்டர், ஏதாவது தப்பா?" தப்பில்லை. அழுகை வந்திருந்தாலும் தப்பில்லை. ஹார்மோன் சடாரென்று இறங்கும் சில நாட்களில் காரணமில்லாமல் கண் கலங்குபவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஏறக்குறைய ஆயிரம் பெண்களை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த டர்ன்அவே ஆய்வில், கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அது தங்களுக்குச் சரியான முடிவு என்றே தொடர்ந்து சொன்னார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்வு நிம்மதி. துக்கம் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டால், அதற்கும் உதவி கேட்கலாம்.

இனிமேல் குழந்தை பிறக்காமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை, அக்காவுக்கு இருந்தது. சிக்கலில்லாத கருக்கலைப்பு பிற்காலக் கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால் கவனம் மறுபக்கம் இருக்க வேண்டும்: மாத்திரைக்குப் பின் எட்டே நாளில்கூட அடுத்த சினைமுட்டை வெளிவரலாம். மாதவிடாய் வரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் மறுபடி கர்ப்பம். கருத்தடை மாத்திரை, ஊசி, கையில் வைக்கும் குச்சி ஆகியவற்றை முதல் மாத்திரை எடுக்கும் அன்றே தொடங்கலாம். காப்பர்-டி மட்டும் கர்ப்பம் முடிந்தது உறுதியான பிறகு. உறிஞ்சி எடுப்பவர்களுக்கு அதையும் அன்றே, அதே மேசையிலேயே வைத்துவிடலாம். அந்த முறையைத் தேர்ந்தெடுக்க அதுவே ஒரு காரணமாகச் சிலருக்கு அமைகிறது.

இவர் காப்பர்-டிதான் கேட்டிருந்தார், அதுவரை ஆணுறை. நாலாவது வாரம் முடிந்து செய்த சிறுநீர்ப் பரிசோதனை நெகட்டிவ். ஐந்தாம் வாரம் மாதவிடாய் வந்தது, வழக்கத்தைவிடச் சற்று அதிகம், ஆறு நாள். அது முடிந்ததும் வந்தார், காப்பர்-டி பொருத்தப்பட்டது. கருப்பைக்குள் அந்த 14 மில்லிமீட்டர் என்ன ஆனது என்று பார்க்க ஸ்கேன் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய காரணம் எதுவும் அவரிடம் இல்லை.